முதலில் பயிற்சிப் பள்ளி, அதன் பிறகு டிராக் டே

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "என்னிடம் 200 சிசி வண்டி இருக்கிறது. மோட்டோ ஜிபி பந்தயங்களை ஒன்றுவிடாமல் பார்க்கிறேன். ஞாயிறுதோறும் நண்பர்களோடு நெல்லியாம்பதி மலைப்பாதையில் ஓட்டுகிறேன். பந்தயத்தளத்தில் ஒரு நாளாவது ஓட்டிவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என்னைப் போன்ற சாதாரண ரசிகனால் அது முடியுமா? பள்ளியில் சேர வேண்டுமா, நேராக டிராக் டேக்குப் போகலாமா? பெரிய வண்டி வாங்கிய பிறகு போவது நல்லதா? என் தங்கையும் வருகிறேன் என்கிறாள்."

முடியும். இப்போது கையில் இருக்கும் 200 சிசி வண்டியே போதும். கட்டணம் செலுத்தித் தளத்தில் நாமே ஓட்டிக்கொள்ளும் டிராக் டேக்கு நேராகப் போகாமல் முதலில் ஒரு நாளோ இரண்டு நாளோ பயிற்சிப் பள்ளிக்குப் போங்கள். சென்னை, நொய்டா தளங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நம் வாசலிலேயே, கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத்தளத்தில் தொடங்குங்கள். தங்கையையும் அழைத்துச் செல்லுங்கள். நான் கொழிஞ்சாம்பாறையில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருப்பவன். அந்தத் தளத்துக்கு முதலில் பார்வையாளனாகவும், பிறகு மாணவனாகவும், இப்போது நண்பர்களின் வண்டிகளைக் கவனித்துக்கொள்ளும் மெக்கானிக்காகவும் போய்வந்துகொண்டிருக்கிறேன். ஆகையால் இந்த விடைக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

எல்லையோரத்தில் பிறந்த நமக்கு ஒரு வசதி உண்டு. வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய தூரத்தில் செட்டிப்பாளையத்தின் அந்தத் தளம், கரி மோட்டார் ஸ்பீட்வே, இருக்கிறது. கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்து, ஃபார்முலா மாருதி போன்ற குறைந்த விலைப் பந்தயக் கார்களை உள்நாட்டிலேயே வடிவமைத்து, 1995-இல் விமான விபத்தில் மறைந்த எஸ்.கரிவரதனின் பெயரைத் தாங்கி, 2003-இல் திறக்கப்பட்ட தளம் அது. ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சென்னை மோட்டார் பந்தயத்தளம் அதைவிடப் பெரியது. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்குகிறது, ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அதை நடத்தும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில்தான் பந்தயங்கள் நடந்தன. மோட்டோ ஜிபி வந்த, நொய்டா பக்கத்துப் புத் சர்வதேசத் தளமோ 5 கிலோமீட்டர் நீளம் கொண்டது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குப் பெரிய தளத்தின் மேல்தான் ஆசை பிறக்கும். ஆனால் கற்றுக்கொள்பவருக்குச் சிறிய தளமே நல்லது. நேர்பாதை குறைவாக இருப்பதால் வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஒரே வளைவு அடிக்கடி திரும்பி வருவதால், செய்த பிழை மறப்பதற்குள் அதே இடத்தில் அதைத் திருத்திக்கொள்ள முடியும். 200 சிசி வண்டியில் சென்னையின் நீண்ட நேர்பாதையில் காத்திருக்கும் நேரத்தில், செட்டிப்பாளையத்தில் இரண்டு வளைவுகளைக் கற்றுவிடலாம்.

டிராக்கில் ஓட்டுவது என்று நாம் ஒரே பேச்சில் சொல்லிவிடும் காரியத்துக்குள் தனித்தனியான பல ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்குப் பணமும் நாளும் வீணாகின்றன. டிராக் டே என்பது தளத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, கட்டணம் செலுத்தியவர்களை வேகத்துக்கு ஏற்பக் குழுக்களாகப் பிரித்து, முறை வைத்து ஓட விடுவது. காலையில் கொடிகளைப் பற்றி விளக்குவார்கள், சில சுற்றுகள் முன்னால் ஓட்டி வழி காட்டுவார்கள். அதன் பிறகு நீங்கள் செய்வது சரியா தவறா என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. பயிற்சிப் பள்ளியில் அப்படியில்லை. வகுப்பில் ஒரு பாடம், உடனே தளத்தில் அந்தப் பாடத்துக்கு மட்டுமான பயிற்சி, இறங்கி வந்ததும் பயிற்சியாளரோடு பேச்சு என்று நாள் முழுவதும் அதே ஒழுங்கில் நகரும். யமஹா, டிவிஎஸ், கேடிஎம், ராயல் என்ஃபீல்டு போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகத் தள அனுபவ நாட்கள் நடத்துவதுண்டு. அவற்றில் சில பள்ளியை ஒட்டியும் சில டிராக் டேயை ஒட்டியும் இருக்கும், எனவே பதிவு செய்யும்போதே பயிற்சியாளர் உண்டா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிட வேண்டும். போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுச் சுற்று இன்னொரு வகை; அதைப் பிறகு சொல்கிறேன். பின் இருக்கையில் அமர்ந்து செல்லும் அனுபவம்கூட உலகில் உண்டு. 500 சிசி உலகப் போட்டியில் நான்கு முறை இரண்டாம் இடம் பிடித்த அமெரிக்க வீரர் ரேண்டி மமோலா, ஓய்வுக்குப் பின் இரட்டை இருக்கை கொண்ட டுகாட்டி பந்தய வண்டியில் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு மோட்டோ ஜிபி தளங்களைப் பல ஆண்டுகள் சுற்றிக் காட்டினார். நம் ஊரில் அதற்கு வழியில்லை; ஓட்டக் கற்பதற்கு வழியிருக்கிறது.

பள்ளியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் என் முதல் நாள். பட்டறைக்காரன் என்பதால் வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணத்தோடுதான் போனேன். காலை வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளர் ஒரு நிபந்தனை சொன்னார்: முதல் முறை தளத்தில் இறங்கும்போது ஒரே கியரில்தான் ஓட்ட வேண்டும், பிரேக்கைத் தொடக்கூடாது. ஆபத்தான ஏற்பாடு என்று தோன்றியது. ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. பிரேக் இல்லை என்று தெரிந்தவுடன், வளைவுக்கு வெகு முன்பே, இந்த வேகத்தில் உள்ளே போனால் திரும்ப முடியுமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. ஆக்சிலேட்டரை எங்கே மூடுகிறோம் என்பது ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக முன்னே நகர்கிறது. சாலையில் பல ஆண்டுகளாக நான் செய்துவந்தது வேறு: வளைவுவரை முறுக்கிக்கொண்டு போய், பயந்து பிரேக் பிடித்து, வேகத்தைத் தேவைக்கு மேல் இழந்து, வளைவின் நடுவில் அதை ஈடுகட்ட மீண்டும் முறுக்குவது. இருபது நிமிடத்தில், ஒரு சொல்கூடத் திட்டாமல், அந்தப் பழக்கத்தை அவர்கள் என் கண்ணுக்குக் காட்டிவிட்டார்கள்.

பிற்பகலில் நான் விழுந்தேன். ஓர் இடப்பக்க வளைவில் சற்று அதிக வேகத்தோடு நுழைந்துவிட்டேன்; பாதையின் வெளி ஓரத்தில் கொடியோடு நின்றிருந்த மார்ஷல் மேல் என் கண் போனது; வண்டியும் அந்தப் பக்கமே போய், தாரை விட்டு இறங்கிச் செம்மண்ணில் சாய்ந்தது. கிளட்ச் லிவர் உடைந்தது, இடது முழங்கையில் தோல் உடை வெள்ளையாகத் தேய்ந்தது, எனக்குக் கீறல்கூட இல்லை. வண்டிகளை நிறுத்திக் கவனிக்கும் இடமான பிட்டுக்குத் திரும்பியதும் பயிற்சியாளர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வண்டி வெளியே போகும்போது உங்கள் கண் எங்கே இருந்தது?" லிவரை மாற்றிக்கொண்டு மறுபடி இறங்கியபோது அவர் என்னைத் தாண்டிச் சென்று, தன் வண்டியின் பின்புறத்தை உள்ளங்கையால் இருமுறை தட்டினார். பின்னால் வா என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம். அதே வளைவுக்கு மெதுவாக அழைத்துச் சென்று, திரும்பத் தொடங்கும் இடத்தை விரலால் காட்டினார். பிறகு வளைவின் உள்விளிம்பைத் தொடும் புள்ளியை, பிறகு வெளியேறும் இடத்தை. மூன்று சுற்றுகள் அப்படியே. ஒவ்வொரு புள்ளியை நெருங்குவதற்கு முன்பே அவருடைய ஹெல்மெட் அடுத்த புள்ளியின் பக்கம் திரும்பிவிடுவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகிறோம். கண் முன்சக்கரத்துக்கு அருகில் கிடந்தால் மூளைக்கு முடிவெடுக்க நேரமே இல்லை. இதை வகுப்பில் கேட்டுத் தலையாட்டியவன்தான் நான். விழுந்து எழுந்து, முன்னால் திரும்பிய அந்த ஹெல்மெட்டைப் பார்த்த பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. டிராக் டேயில் விழுந்திருந்தால் லிவரை மாற்றிக்கொண்டு அதே பிழையை மறுபடி செய்திருப்பேன்.

பள்ளியில் கற்பிக்கும் மற்றொரு செய்தி, வண்டியைத் திருப்புவது எப்படி என்பது. ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்களே உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்புகிறது என்றுதான் சொல்வார்கள். நடை வேகத்தைத் தாண்டிய பிறகு, வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு நொடி இடப்பக்கம் திரும்பப் பார்க்கும், வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்த பிறகு அதுவே தன் வழியில் திரும்பிச் செல்லும். நாம் அறியாமலே எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். அறிந்து செய்யும்போது, எதிரே மாடு குறுக்கிட்டாலும் நாம் நினைத்த நொடியில் வண்டியை விலக்க முடிகிறது. ஆக்சிலேட்டருக்கும் இப்படி ஒரு பாடம் உண்டு. வளைவுக்குள் ஆக்சிலேட்டரை மூடினால் பாரம் முன்சக்கரத்தின் மேல் விழுகிறது, முன் ஸ்பிரிங் அமுங்குகிறது, அகலம் குறைந்த முன் டயர் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்குகிறது. மிக மென்மையாக, ஒரே சீராகத் திறந்துகொண்டே போனால் பாரம் அகலமான பின் டயருக்கு நகர்ந்து வண்டி நிலைபெறுகிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலேட்டரை மூடுவதுதான் நம் மலைப்பாதைகளில் பலரை எதிர்ச் சரிவுக்குத் தள்ளுகிறது.

முழங்கால் தரையில் உரசுவதைப் பற்றி ரசிகர்கள் எல்லோரும் கேட்பார்கள்; நீங்களும் மனத்தில் வைத்திருப்பீர்கள். மோட்டோ ஜிபி வீரர்கள் 60 பாகைக்கும் மேல் வண்டியைச் சாய்க்கிறார்கள். அவர்கள் உடம்பை உள்பக்கம் இறக்குவது, அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டி சாய வேண்டிய அளவைக் குறைப்பதற்காக. முழங்கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதை அறிவிக்கும் அளவுகோல்தான். கண்ணும் ஆக்சிலேட்டரும் சரியான பிறகு, உட்காரும் முறையைச் சொல்லிக் கொடுக்கும்போது அது தானாக ஒரு நாள் தரையைத் தொடும். புகைப்படத்துக்காக முழங்காலை நீட்டிக்கொண்டு கைப்பிடியில் தொங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் உடம்பின் பாரம் ஏறினால் வண்டி திரும்பவே மறுக்கும்.

எந்தப் பள்ளி என்பதற்கு வருகிறேன். கீத் கோட் என்பவர் 1980-இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், 2010 முதல் இந்தியாவுக்கு வந்து இருங்காட்டுக்கோட்டையில் பயிற்சி நடத்தியிருக்கிறது. பாடங்களைப் படிநிலைகளாக வகுத்து, முதல் நிலையில் ஆக்சிலேட்டர், திரும்பும் புள்ளி, விரைவாகத் திருப்புதல், கைப்பிடியில் தளர்வு, அடுத்த புள்ளிக்குக் கண்ணை நகர்த்துதல் என்று ஒரு நாளுக்கு ஐந்து பயிற்சிகளாகக் கற்பிப்பது அவர்களுடைய முறை. மேலே நான் சொன்ன, பிரேக் இல்லாத ஒரே கியர் ஓட்டமும் அந்த மரபில் வந்ததுதான். உள்நாட்டில், பலமுறை தேசிய சாம்பியனான சென்னை வீரர் ரஜினி கிருஷ்ணன் நடத்தும் ஆர்ஏசிஆர் போன்ற பயிற்சிக்கூடங்கள் உண்டு. நம் தளங்களில் ஓடி வளர்ந்த இத்தகையவர்கள் தமிழிலேயே விளக்குவார்கள் என்பது சிறிய நன்மையன்று. பாடத்தை மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ளும் நேரம் வளைவில் கிடைக்காது. வெளிநாட்டுப் பள்ளிக்கும் உள்ளூர்ப் பயிற்சிக்கும் கட்டணத்தில் பல மடங்கு வேறுபாடு இருக்கும். முதல் முறைக்கு உள்ளூர்ப் பள்ளியே போதும் என்பது என் கருத்து. இரண்டு மூன்று முறை ஓடிய பிறகு, உங்களுக்கே சில கேள்விகள் பிறந்த நிலையில், பெரிய கட்டணத்தைச் செலுத்தினால் அதன் முழுப் பயனும் கிடைக்கும்.

வண்டியைத் தயார் செய்வதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முதலில் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை இரண்டு முறை பார்த்துவிட்ட பிரேக் ஆயிலில் நீர் சேர்ந்தே இருக்கும். சாலையில் அது தெரியாது. தளத்தில் சில நொடிகளுக்கு ஒருமுறை அழுத்திப் பிடிக்கும்போது வெப்பம் ஏறி, நீர் ஆவியாகி, குமிழிகள் உண்டாகி, லிவர் கைப்பிடிவரை தொளதொளவென்று வந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சிறிய டப்பா புதிய டாட் 4 ஆயிலுக்குக் கணக்குப் பார்க்க மாட்டீர்கள். டிஸ்க் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கிராஷ் கார்டைக் கழற்றிவிட வேண்டும். சாலையில் காப்பாற்றும் அந்தக் கம்பி, தளத்தில் விழுந்து சறுக்கும்போது மண்ணில் குத்தி வண்டியைப் புரட்டிவிடும். சாரி கார்டு, கண்ணாடிகள், முடிந்தால் பக்க ஸ்டாண்டு ஆகியவற்றையும் கழற்றுங்கள். ஹெட்லைட்டிலும் இண்டிகேட்டரிலும் டேப் ஒட்டுவது, உடைந்தால் சில்லுகள் அடுத்தவர் டயருக்குக் கீழே சிதறாமல் இருக்க. தண்ணீர்க் குளிர்விப்பு கொண்ட வண்டியானால், கூலண்டை இறக்கிவிட்டு வெறும் தண்ணீர் நிரப்பச் சொல்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். கூலண்டு தாரில் சிந்தினால் எண்ணெய் போல வழுக்கும். டயர் காற்றைப் பயிற்சியாளர் சொல்லும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஓட ஓட டயர் சூடேறி உள்ளே அழுத்தம் தானாகக் கூடும். மாலையில் சாலைக்குத் திரும்பும் முன் மறுபடி நிரப்பிவிட வேண்டும். புதிய சைலன்சரும் ஏர் ஃபில்டரும் வாங்க நினைத்திருந்தால், அந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுங்கள்.

பெரிய வண்டியைப் பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. 200 சிசி வண்டியில் பிழை செய்தால் அது மெதுவாக உங்களுக்குத் தெரியும். திருத்த நேரம் கொடுக்கும். 600 சிசியில் நேர்பாதையில் கிடைக்கும் வேகம் வளைவில் செய்த பிழையை மறைத்துவிடும், சுற்று நேரம் குறைவதைப் பார்த்து நன்றாக ஓட்டுவதாக நாமும் நம்பிவிடுவோம். தளத்தில் சிறிய வண்டிக்காரர் ஒருவர் வளைவுக்குள் பெரிய வண்டிகளை வெளிப்புறமாகத் தாண்டிச் செல்வதை நீங்கள் முதல் நாளே பார்ப்பீர்கள்.

உடையில் சமரசம் வேண்டாம். ஒரே துண்டாகத் தைத்த தோல் உடை, அல்லது இடுப்பில் ஜிப்பால் முழுவதும் இணையும் இரண்டு துண்டு உடை, முதுகெலும்புக் காப்பு, மணிக்கட்டை மூடும் கையுறை, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் ஆகிய இவ்வளவும் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், விடக்கூடாது. தோல் உடையைப் பல பள்ளிகளில் வாடகைக்குத் தருவார்கள். முதல் முறைக்கு அதுவே போதும், ஆனால் முந்தைய நாளே அளவைச் சொல்லிவிடுங்கள். நின்றுகொண்டிருக்கும்போது இறுக்கமாக இருந்து, வண்டியில் குனிந்தவுடன் சரியாகப் பொருந்துவதே சரியான அளவு. ஹெல்மெட் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியில் விரிசல் தெரியாவிட்டாலும், தளத்துக்கு எடுத்துவராதீர்கள்.

கொடிகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். மஞ்சள் கொடி ஆடினால் முன்னால் ஆபத்து, யாரையும் தாண்டக்கூடாது. மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் என்றால் தாரில் எண்ணெயோ மண்ணோ இருக்கிறது, வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, வேகத்தைக் குறைத்துப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். திடீரென்று பிரேக் பிடிக்கக்கூடாது, பின்னால் வருபவர் இன்னும் கொடியைப் பார்த்திருக்க மாட்டார். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உங்களுக்குக் காட்டப்பட்டால் உங்கள் வண்டியில்தான் கோளாறு, எண்ணெய் ஒழுகிக்கொண்டிருக்கலாம், உடனே தளத்தை விட்டு விலக வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்கு அது பொருந்தாது என்று அச்சிட்டிருக்கும். தளத்தில் விழுந்தால் வண்டிச் செலவு உங்களுடையது. உள்ளே நுழையும்போது நீங்கள் கையெழுத்திடும் உறுதிமொழியையும் முழுவதும் படித்து, ஆம்புலன்ஸும் மருத்துவரும் நாள் முழுவதும் தளத்தில் இருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் சென்னைத் தளத்தில் நடந்த பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு நடுவிலும் அது நடந்தது என்பதை மறைத்துவிட்டு உங்களை அழைப்பது நேர்மையாகாது.

இருந்தும் நெல்லியாம்பதியைவிடத் தளமே மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போத்துண்டி அணையைத் தாண்டி ஏறும் அந்தப் பாதையில், வளைவுக்கு அப்பால் கேஎஸ்ஆர்டிசி பேருந்து வருகிறதா, மழையில் மண் சரிந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. தளத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறோம், விழுந்தால் சறுக்கிச் செல்ல இடம் இருக்கிறது, கொடியோடு ஓர் ஆள் நிற்கிறார். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அதைவிட, கடந்த பத்து ஆண்டுகளில் அந்த மலைப்பாதையிலிருந்து நசுங்கிய நிலையில் என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் இரண்டை யாரும் திரும்ப எடுக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. நண்பர்களோடு மெதுவாக ஏறித் தேநீர் குடித்து இறங்குங்கள், வேகத்தைத் தளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கையைப் பற்றி. பெண்களுக்கெனத் தனிப் பிரிவுகள் நம் நாட்டுப் பந்தயங்களில் உண்டு. சென்னையின் அலிஷா அப்துல்லா பெண்களுக்கென்றே பயிற்சிக்கூடம் தொடங்கியவர். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல், உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் பாஹா என்னும் கரடுமுரடுப் பாதைப் பந்தய உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில் வென்றார். தங்கையின் காலுக்கு எட்டும் உயரமுள்ள வண்டியும், அவருடைய அளவுக்கு உடையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். வாடகை உடைகளில் பெண்களின் அளவு குறைவாகவே இருக்கும், இதைத்தான் கடைசி நிமிடத்தில் பலர் கண்டுபிடிக்கிறார்கள். அவரை உங்கள் குழுவில் சேர்க்காமல் வேறு குழுவில் பதிவு செய்வது நல்லது. அண்ணன் முன்னால் போனால் தங்கை துரத்துவார், தங்கை பின்னால் இருந்தால் அண்ணன் திரும்பிப் பார்ப்பார். இரண்டுமே கண்ணைத் தவறான இடத்துக்கு இழுக்கும்.

பந்தயம்வரை போகும் எண்ணம் பிறந்தால், டிவிஎஸ் 1994 முதல் நடத்திவரும் ஒன் மேக் சாம்பியன்ஷிப் போன்றவற்றின் தேர்வுச் சுற்றுகளைக் கவனியுங்கள். அவற்றில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டியை நிறுவனமே தருவதால், சொந்தமாகப் பந்தய வண்டி கட்ட வேண்டிய செலவு இல்லை. ராயல் என்ஃபீல்டு 2021-இல் தொடங்கிய கான்டினென்டல் ஜிடி கோப்பையும் இவ்வகையே. பந்தயத்தில் ஓட எஃப்எம்எஸ்சிஐ என்னும் தேசிய மோட்டார் பந்தய அமைப்பின் உரிமமும் மருத்துவச் சான்றும் தேவைப்படும். மண் தளத்திலும் ஆர்வமிருந்தால், 2015-இல் டக்கார் என்னும் நெடுந்தூரக் கரடுமுரடுப் பாதைப் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ்.சந்தோஷ் கோலாரில் அமைத்திருக்கும் பிக் ராக் டர்ட் பார்க்குக்கு ஒருமுறை போய்வாருங்கள். பின்சக்கரம் நழுவும்போது பதறாமல் இருக்க மண்ணில் கற்பதற்கு ஈடில்லை. மோட்டோ ஜிபி உலக சாம்பியனாக இருந்த வலென்டினோ ரோஸியே தன் சொந்த ஊரான தவுல்லியாவில் மண் தளம் அமைத்துத்தான் இளம் வீரர்களைப் பழக்குகிறார்.

எந்த மாதம் போவது என்றால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மிகவும் நல்லது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று செட்டிப்பாளையத்தையும் விடாது. நேர்பாதையில் பக்கவாட்டிலிருந்து தள்ளும்போது புதியவர்கள் கைப்பிடியை இறுகப் பிடிப்பார்கள், இறுகப் பிடித்தால் வண்டி இன்னும் ஆடும். கோடையில் போவதானால் தண்ணீரை அலட்சியம் செய்யாதீர்கள். 2023 செப்டம்பர் 24 அன்று புத் தளத்தில் நடந்த மோட்டோ ஜிபி பந்தயத்தை வெப்பத்துக்காக 24 சுற்றுகளிலிருந்து 21 ஆகக் குறைத்தும்கூட, இரண்டாவதாக வந்த ஹோர்ஹே மார்ட்டின் உடலில் நீர் வற்றி, பந்தயம் முடிந்ததும் சோர்ந்து சாய்ந்தார். உலகத்தரப் பயிற்சி பெற்றவருக்கே அந்த நிலை. தோல் உடைக்குள் ஒவ்வொரு முறையும் வியர்வை ஊற்றும். வீட்டிலிருந்து உப்புப் போட்ட சம்பாரம் (நீர்மோர்) ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுபோங்கள், மதியம் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.

வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு குட்டியானையை வாடகைக்கு எடுத்து, வண்டிகளை ஏற்றி, நன்றாகக் கயிறு கட்டி, விடியற்காலை நான்கரைக்கு வேலந்தாவளம் வழியாகக் கிளம்பினால் பதிவுக்கும் சோதனைக்கும் அவசரமில்லாமல் போய்ச் சேரலாம். திரும்பும்போது இது இன்னும் முக்கியம். நாள் முழுவதும் தளத்தில் ஓடிய கண்ணுக்குச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் நடப்பது போலத் தோன்றும், உடம்போ ஓய்ந்திருக்கும். வரும் வழியில் முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒரு சிறிய நோட்டில் தளத்தை வரைந்து, ஒவ்வொரு வளைவிலும் எங்கே திரும்பத் தொடங்கினீர்கள், எந்தக் கறை, எந்த ஒட்டு, எந்தக் கம்பம் உங்களுக்கு அடையாளமாக இருந்தது, பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று எழுதிவிடுங்கள். காலையில் எழுந்தால் அவற்றில் பாதி மறந்திருக்கும். இரண்டாம் முறை செட்டிப்பாளையத்துக்குப் போகும்போது பயிற்சியாளரிடம் முதலில் அந்த நோட்டைக் காட்டுங்கள். அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அதைப் பார்த்தே முடிவு செய்வார்.